கத்தரிப்பூ நிறம்

வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள் மேளத்தை.
"தோல் கருவி, ஊதல், கொடிக்கம்பு
வெளியூர் ரசிகருக்கு அனுமதி இல்லை" என்று
அட்டையைக் காட்டினார் காவலர் மொலெஃபி.
காட்டிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டு
ஒரு சீட்டைக் கிழித்துத் தந்தார்.
தன் நாற்காலிக்கடியில், சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில்
தூங்கும் பிள்ளையைப் போல அதைச் சாய்த்து வைத்தார்.

டர்பனிலிருந்து பொச்செஃப்ஸ்ட்ரூம்.
எட்டு மணி நேரம், ஒரு மினிபஸ், இருபத்திரண்டு பேர்.
வான் ரீனன் கணவாயில் பிரியோலன் வாந்தி எடுத்தான்.
ஹாரிஸ்மித்தில் புளிசோறு பிரித்தோம்.
"அவர்கள் ஊரில் அடக்கமாக இரு" என்றாள் அம்மா போனில்.
அடக்கமாக இருப்பதற்கா அறுநூறு கிலோமீட்டர்?

உள்ளே போனால்
வயல் முழுக்கக் கத்தரிப் பூ.
சட்டை, தொப்பி, குழந்தையின் கன்னம்,
ஒரு நாயின் கழுத்துப்பட்டை வரைக்கும்.
நடுவில் நாங்கள்,
யாரோ கைதவறிச் சிந்திய
மிளகாய்ப் பழம் இருபத்திரண்டு.

எங்களைப் பார்த்து ஒருவன்
மசாலா நெடி என்று மூக்கைப் பொத்திக் காட்டினான்.
சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை. கணக்கில் வைத்துக்கொண்டேன்.
முன்வரிசையில் எல்லோரும் டன்னி என்றழைத்த ஒருத்தி
திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு
என் பக்கம் பூர்வோர்ஸ் ரொட்டியை நீட்டினாள்.
காவடி விரதம், மாமிசம் கூடாது என்றேன்.
"கோழியுமா?"
கோழியும்.
"மீனுமா?"
மீனும்.
அவள் முகத்தில் எழுந்த துக்கத்தை
நான் எந்தச் சாவு வீட்டிலும் கண்டதில்லை.

போன வருஷம் எங்கள் மைதானத்தில்
இவர்கள் பையன் கம்பத்தைக் குறிவைத்து நின்றபோது
இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து
நான் அடித்த விசில்
சாட்ஸ்வொர்த் வரை கேட்டதாகச் சொல்வார்கள்.
பந்து கம்பத்துக்கு வெளியே போனது.
அவர்கள் இழந்த மூன்று புள்ளி
நான் சம்பாதித்தது.

ஆகவே தயாராகத்தான் இருந்தேன்.
கடைசி நிமிடம். இரண்டு புள்ளி பின்னால் நாங்கள்.
யூரன் படையாச்சி பந்தைக் கூம்பின் மேல் வைத்தான்.
நான்கடி பின்னால். மூன்றடி இடப்பக்கம்.
ஊளையிடுவார்கள், தகரம் தட்டுவார்கள்,
அவன் பரம்பரையையே இழுப்பார்கள் என்று
அவனுக்காக நான் பல்லைக் கடித்தேன்.

இல்லை.

பத்தாயிரம் பேர்
ஒரே வாயை ஒரே நேரத்தில் மூடினார்கள்.
ஐஸ்கிரீம்காரன் மணியை உள்ளங்கையில் பொத்தினான்.
மூக்கைப் பொத்தியவன் தொப்பியைக் கழற்றினான்.
மென்றுகொண்டிருந்ததை மெல்லாமல்
கன்னத்தில் ஒதுக்கிக் காத்திருந்தாள் டன்னி.
என் வளையல் ஒன்றோடொன்று இடிக்க
மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.
மரியாதை இவ்வளவு கனமா?
அத்தனை கனத்தையும் யூரன் ஒருவன்
வலது காலால் தூக்க வேண்டியிருந்தது.

விளக்குக் கோபுரத்தில் ஒரு ஹடீடா,
நாகரிகம் படியாத பறவை, "ஹா" என்றது.
அவன் உதைத்தான்.
இடது கம்பத்தை உரசி வெளியே.

அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் சத்தம்.

"ஊளையிட்டிருந்தால் போட்டிருப்பான்" என்றான் பிரியோலன்.
சத்தத்தைத் தள்ளிவிட்டு உதைக்கத் தெரியும்,
சந்தையிலும் திருவிழாவிலும் வளர்ந்த கால் அது.
இதை எதைக் கொண்டு தள்ளுவான்?
மரியாதையா, தந்திரமா என்ற வழக்கு
வார்டன் ஊரைத் தாண்டியும் தீரவில்லை.
நான் பேசவில்லை.
என் விசிலுக்கு இவ்வளவு நாகரிகம் கிடையாது,
ஆனால் பொய்யும் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.
அதுவும் முழுக்கச் சரியில்லை.

ஹாரிஸ்மித்தில் பெட்ரோலுக்கு நின்றபோது
கை, பழக்கத்தில், மடியைத் துழாவியது.
மேளம்.
கோயில் மேளம்.
சனிக்கிழமை காவடி.

சீட்டின் பின்னால் எண் இருந்தது.
நள்ளிரவுக்குப் பிறகும் எடுத்தார் மொலெஃபி.
பத்திரமாக இருக்கிறது, வியாழக்கிழமை
முட்டை லாரி ஒன்று டர்பனுக்கு வரும் என்றார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"எல்லோரும் போன பிறகு
ஒரே ஒரு தடவை தட்டிப் பார்த்தேன்.
கோபிக்காதே."

எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"காலி மைதானம், பார்.
ரொம்ப நேரம் கேட்டது."